ஒரே சீட்டு போதுமா?

பேருந்து, ரயில், ஆட்டோ, படகு என்று தனித்தனியே ஓடும் வண்டிகளை ஒரே சேவைபோல் இணைத்துப் பயணிக்கு அளிப்பதைப் பொறியியலார் 'ஒருங்கிணைந்த போக்குவரத்துச் சேவை' என்பர். அண்மைக் காலத்தில் இச்சொல் நம் நாட்டிலும் அடிக்கடி காதில் விழுகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று சென்னையில் 'சென்னை ஒன்று' என்ற கைப்பேசிச் செயலி தொடங்கப்பட்டது. மாநகரப் பேருந்து, மெட்ரோ ரயில், புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு அதில் ஒரே சீட்டு வாங்கலாம். மற்ற நகரங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆயினும், வாசகர்களே, எந்தப் புதிய ஏற்பாட்டையும் வரவேற்கும் முன் அதை அளந்து பார்ப்பது விஞ்ஞானத்தின் முறை அன்றோ? அளக்கும் கோல் எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை தேட நாம் சென்னைக்குப் போகப் போவதில்லை. தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போவோம். காரணம், ஒரே சீட்டில் ரயிலையும் கப்பலையும் இணைத்த அனுபவம் அந்தக் கரைக்கு நூறாண்டுகளுக்கு மேல் உண்டு. அதனால் விளைந்த நன்மையும் தீமையும் அங்கே பதிவாகி இருக்கின்றன.

இணைப்பு என்றால் என்ன?

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு வண்டிகள் இணைந்தன என்று எப்போது சொல்லலாம்? நான்கு நிலைகள் உண்டு. முதலாவது, இடம்: ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற நெடுந்தூரம் நடக்க வேண்டாம். இரண்டாவது, நேரம்: முதல் வண்டி வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் அடுத்தது புறப்பட வேண்டும். மூன்றாவது, கட்டணம்: வண்டி மாறியதற்காகப் பயணி இரு முறை தண்டம் கட்டக்கூடாது. நான்காவது, செய்தி: எது எப்போது எங்கிருந்து கிளம்பும் என்பது பயணிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இந்நான்கையும் ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவந்த முதல் ஊர் ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்கே 1965-இல் பல போக்குவரத்து நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, ஒரே கால அட்டவணையையும் ஒரே கட்டண முறையையும் வகுத்தன. கைப்பேசியும் கணினிச் செயலியும் இல்லாத காலம் அது. எனவே ஒருங்கிணைப்புக்கு உயிர்நாடி அட்டவணையே. சீட்டின் வடிவம் அடுத்தபடிதான் என்பது புலனாகும்.

இதற்கு எதிரான உதாரணமும் ஐரோப்பாவிலேயே உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 2016-இல் 'விம்' என்னும் செயலி வந்தது. மாதச் சந்தா கட்டினால் பேருந்து, டாக்ஸி, சைக்கிள், வாடகைக் கார் எல்லாம் ஒரே இடத்தில். உலகெங்கும் அதைப் பாராட்டிப் பேசினார்கள். அதை நடத்திய நிறுவனம் 2024-இல் திவாலாயிற்று. பிறர் ஓட்டும் வண்டிகளின் சீட்டுகளை வாங்கி விற்பதே அதன் தொழில். அட்டவணையும் வண்டிகளும் அதன் கையில் இல்லை. வாசல் அழகாக இருந்தது, வீடு வேறொருவருடையது.

கடிகாரம் சொல்லும் மூன்று கணக்கு

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். வேம்பாரிலோ பெரியதாழையிலோ வசிக்கும் ஓர் அம்மாள் தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நாமே எடுத்துக்கொண்டவை. வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடை 10 நிமிடம், காத்திருப்பு 22, பேருந்தில் 40, நகரில் அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பு 15, அதில் 15, இறங்கி நடக்க 5. மொத்தம் 107 நிமிடம். இதில் சக்கரம் உருண்ட நேரம் 55 நிமிடம் மட்டுமே. ஏறக்குறையப் பாதி நேரம் வண்டிக்கு வெளியே கழிகிறது.

மேலும் ஒன்று. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடமும், வெயிலில் பேருந்து வருமா வராதா என்று பார்த்து நிற்கும் ஒரு நிமிடமும் மனிதருக்கு ஒன்றாகத் தோன்றுவதில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, காத்திருக்கும் நிமிடம் வண்டியில் கழியும் நிமிடத்தைப்போல் சுமார் இரு மடங்கு கனக்கிறது. நடைக்கும் கிட்டத்தட்ட அப்படியே. அந்தக் கணக்கில் நம் பயணியின் சுமை 55 + 52 × 2 = 159 நிமிடம். ஆக, நிறுவனத்தின் பேரேட்டில் 55. பயணியின் கடிகாரத்தில் 107. அவர் உடம்பின் கணக்கில் 159. மூன்றில் எதை வைத்து ஒரு சேவையை மதிப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

அந்த 22 நிமிடக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒரு மணிக்கு இரண்டு பேருந்துகள் என்று அட்டவணை சொல்கிறது. 30 நிமிடத்துக்கு ஒன்று சரியாக வந்தால், தற்செயலாக நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். ஆனால் இரண்டு பேருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக, 10 நிமிட இடைவெளியும் 50 நிமிட இடைவெளியுமாக வந்தால் என்ன ஆகும்? ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் நீண்ட இடைவெளிக்கே உரியது. ஆகவே நிறுத்தத்துக்கு வருவோரில் ஆறில் ஐந்து பங்கினர் அந்த நீண்ட இடைவெளியில்தான் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் சராசரி 25 நிமிடம் நிற்பார்கள். மீதி ஒரு பங்கினர் 5 நிமிடம். இரண்டையும் சேர்த்தால் சராசரி சுமார் 22 நிமிடம்.

பேருந்துகளின் எண்ணிக்கை மாறவில்லை. ஓட்டிய கிலோமீட்டர் மாறவில்லை. எரித்த டீசலும் அதேதான். காத்திருப்பு மட்டும் 15-லிருந்து 22 ஆகிவிட்டது. இதையே திருப்பிப் பாருங்கள். ஒரு புதிய பேருந்துகூட வாங்காமல், இருப்பவற்றை ஒழுங்காக இடைவெளி விட்டு அனுப்பினாலே ஒவ்வொருவருக்கும் 7 நிமிடம் மிச்சமாகும். ஆண்டறிக்கைகளில் வண்டிகளின் எண்ணிக்கையையும் ஓடிய தூரத்தையும் மட்டும் எழுதுவோர் இந்த 7 நிமிடத்தை ஒருநாளும் காண முடியாது.

இணைப்புகள் பெருகும்போது ஒழுங்கின்மை பெருக்கல் கணக்காக ஏறும். ஒரு பயணத்தில் மூன்று இடங்களில் வண்டி மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை கைகூடும் என்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே நாளில் கைகூட வாய்ப்பு 0.9 × 0.9 × 0.9, அதாவது நூற்றுக்கு 73. மாதத்தில் 26 நாள் வேலைக்குப் போகும் ஒருவர் ஏழு நாள் தாமதமாகப் போவார். ஏழு நாள் தாமதமாக வருபவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? 'தொண்ணூறு சதவீதம் நேரந் தவறாமை' என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே மார்தட்டிக்கொள்ளும்போது, பயணியின் வேலை போய்விடக்கூடும்.

கப்பலையும் ரயிலையும் இணைத்த சீட்டு

இந்தக் கோலை எடுத்துக்கொண்டு தூத்துக்குடியின் வரலாற்றை அளப்போம். 1870-களின் நடுவில் தென்னிந்திய ரயில்பாதை மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடியை எட்டியது. கொழும்புக்குப் போவோர் சென்னையில் ரயிலேறி, தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் இரவோடிரவாகக் கடலைக் கடந்தனர். 'போட் மெயில்' என்று ஊரெங்கும் பெயர்பெற்ற ஏற்பாட்டின் தொடக்கம் இதுவே. ரயிலும் கப்பலும் ஒன்றையொன்று எதிர்பார்த்துப் புறப்பட்டன. தபால் மூட்டைகள் குறித்த நேரத்தில் போயாக வேண்டும் என்பதால் அட்டவணையை யாரும் எளிதில் மீற முடியவில்லை.

ஆனால் இடத்தின் இணைப்பு எளிதாக வாய்க்கவில்லை. அக்காலத் தூத்துக்குடியில் கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும்; ஆட்களும் சரக்கும் சிறு படகுகளிலும் தோணிகளிலும் அதுவரை போய் ஏற வேண்டும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ரயில் தனுஷ்கோடிவரை சென்றதும், கொழும்புப் பயணிகளில் பெரும்பகுதியினர் அவ்வழிக்கு மாறினர். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழி சுமார் 35 கிலோமீட்டரே. அக்கரையில் மற்றொரு ரயில் காத்திருந்தது. தூத்துக்குடிக்கு எல்லாக் காலத்துக்கும் ஏற்ற ஆழ்கடல் துறைமுகம் 1974-இல்தான் கிடைத்தது. அதற்குள் பயணிகள் கப்பலின் காலம் போய்விட்டது. சரக்கே அதன் தொழிலாயிற்று.

போட் மெயில் சீட்டை மட்டும் பார்த்தால் அந்தக்கால ஒருங்கிணைப்புக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுவோம். அதே பாதையில் வேறொரு சீட்டும் இருந்தது. அதைப் பார்க்காமல் கணக்கை முடிக்கக்கூடாது.

தகரச் சீட்டு

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சென்ற காலம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்காக ஒரு 'தகரச் சீட்டு' முறை கொண்டுவரப்பட்டது. தோட்டத்தின் அடையாள எண் பொறித்த சிறு தகர வில்லை. அதைக் காட்டினால் போதும். ரயில், முகாம், உணவு, கப்பல், அக்கரையில் தோட்டம்வரை பயணம் என்று எல்லாவற்றுக்கும் அதுவே சீட்டு. கையில் காசு வேண்டாம். படிக்கத் தெரிய வேண்டாம். இன்றைய செயலிகள் கனவு காணும் 'வீட்டு வாசலிலிருந்து வேலையிடம்வரை ஒரே சீட்டு' அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது!

ஆனால் செலவு யார் தலையில் விழுந்தது? தோட்டத்தின் கணக்கில் பற்று எழுதப்பட்டு, கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடனாக இறங்கியது. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. கடன் தொகையை எழுதித் தரும் 'துண்டு' என்னும் காகிதத்தோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆள் கைமாறினார். அம்முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வழியில், தொற்றுநோய்த் தடுப்பு என்ற பெயரில் முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்கள் இருந்தன. முதல் வகுப்புப் பயணி ரயிலிலிருந்து கப்பலுக்கு நேரே போனார்; தொழிலாளி முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டார்.

சென்றவர்களின் எண்ணிக்கை, தலைக்கான செலவு, வழியில் தவறிப்போனவர்கள் என்று நிர்வாகம் வைத்திருந்த கோலால் அளந்தால் தகரச் சீட்டு பெரு வெற்றியே. பயணி தம் விருப்பப்படி திரும்பி வர முடிந்ததா என்று ஒரு கேள்வி கேட்டால் அந்த வெற்றி கரைந்துவிடும். ஆகவே நம் கோலில் ஐந்தாவது அளவு ஒன்றையும் பொறித்துக்கொள்வோம்: சீட்டு யாருடையது? பயணத்தின் விவரமும் கடனும் யார் கணக்கில் சேர்கின்றன? இன்று செயலியில் ஒருவர் போகும் இடமெல்லாம் பதிவாகிறது. அந்தப் பதிவு யாரிடம் தங்குகிறது, எதற்குப் பயன்படுகிறது என்று கேட்பது வீண் சந்தேகம் ஆகாது. தகரச் சீட்டு கற்பித்த பாடம்.

மலிவே அளவுகோலா?

இதே கரையில் மற்றொரு சோதனையும் நடந்தது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். அதுவரை அவ்வழியில் கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி கட்டணத்தை மளமளவென்று குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிச் செல்வதாகவும் குடை கொடுப்பதாகவும் ஆசை காட்டியது என்பது அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டார், சில ஆண்டுகளில் சுதேசிக் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

1907-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீட்டாளர் தூத்துக்குடிக்கு வந்து, 'இந்த ஆண்டு மிகக் குறைந்த கட்டணத்தில் ஏற்றிச் சென்றவர் யார்?' என்று மட்டும் கேட்டிருந்தால், பரிசு யாருக்குப் போயிருக்கும்? நஷ்டத்தில் ஓட்டிப் போட்டியை ஒழிக்கும் வலிமை உள்ளவருக்கே. ஆகவே ஓராண்டுக் கட்டணத்தைக்கொண்டு ஒரு சேவையை எடைபோடக்கூடாது. போட்டியாளர் போனபின் அந்தக் கட்டணம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். புதிய செயலிகள் முதல் ஆறு மாதம் அள்ளித் தரும் தள்ளுபடிகளைக் காணும்போது வாசகர்கள் அந்தக் குடையை நினைத்துக்கொள்வது நல்லது.

முத்துச் சிப்பிக்குக் கொடுத்த மரியாதை

2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியது. கப்பலின் பெயர் 'ஸ்கோஷியா பிரின்ஸ்'. ஏறக்குறைய ஆயிரம் பேர் போகக்கூடிய பெரிய கப்பல். ஊரே திரண்டு மகிழ்ந்தது. போதிய பயணிகள் இல்லை. எரிபொருள் பாக்கி போன்ற பணச் சிக்கல்களும் சேர்ந்தன. அந்த ஆண்டு நவம்பரில் சேவை நின்றுபோயிற்று. ஐந்து மாதமே அதன் ஆயுள்.

இது ஏன் என்று பலர் பல காரணம் கூறுவர். நமது கோலால் பார்த்தால் ஒன்று தெளிவு. கப்பல் இருந்தது, சங்கிலி இல்லை. பழைய போட் மெயிலில் கப்பலுக்கென்றே ரயில் வந்தது. ஒரே சீட்டு சென்னையில் கிடைத்தது. 2011-இல் பயணி தாமாகத் தூத்துக்குடி வந்து, தாமாகத் துறைமுகம் போய்ச் சேர வேண்டியிருந்தது. எத்தனை பேர் வருவார்கள் என்பதைச் சிறு கப்பலில் சோதித்துப் பார்க்கவும் இல்லை. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய சேவைக்கு 150 இருக்கைகள் கொண்ட சிறு கப்பலே விடப்பட்டது. அளவைப் பொறுத்தவரை அது அறிவுடைய செயல். ஆனால் வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது தொடங்கியதால் சில நாட்களிலேயே நிறுத்த நேர்ந்தது. 2024 ஆகஸ்டில்தான் மறுபடியும் கிளம்பியது. கடலோரத்தில் யாரைக் கேட்டாலும் ஐப்பசிக் கடலைப்பற்றிச் சொல்லியிருப்பார்கள்.

முன்கூட்டி மதிப்பிடுவது நமக்குத் தெரியாத கலையா? இல்லவே இல்லை. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை எண்ணிப் பாருங்கள். சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் அதிகாரிகள் பார்களைச் சோதிப்பார்கள். மூழ்குவோரை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள்; வயதையும் அடர்த்தியையும் பார்ப்பார்கள்; அச்சிப்பிகளைத் திறந்து கிடைத்த முத்துக்களைத் தேர்ந்த வணிகர்களைக்கொண்டு விலை மதிப்பார்கள். கணக்குத் தேறினால்தான் அறிவிப்பு. தேறாவிட்டால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை; பல சமயம் தொடர்ந்து பல ஆண்டுகள் இல்லை. கடைசியாகத் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதன்பின் பார்கள் தேறவில்லை. ஆசைப்பட்டு யாரும் அறிவித்துவிடவும் இல்லை.

சிப்பியைத் திறந்து பார்க்காமல் முத்துக்கு விலை பேசாத ஊர், பயணிகளை எண்ணிப் பார்க்காமல் ஆயிரம் பேர் கப்பலுக்குக் கொடியசைத்தது. மாதிரி எடுத்தல், அளவிடுதல், தேறாவிடில் பொறுத்திருத்தல் என்ற மூன்று படிகளும் போக்குவரத்துத் திட்டத்துக்கும் பொருந்தும்.

எண்ணப்படாதவர்கள்

மதிப்பீட்டில் இன்னொரு பெருங்குறையைச் சொல்ல வேண்டும். சீட்டு வாங்கியவரைத்தான் நிறுவனம் எண்ணும். செயலியைத் தொட்டவரைத்தான் செயலி எண்ணும். போக முடியாமல் வீட்டில் தங்கியவரை எண்ணுவது யார்?

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் வெயிலுக்கு அஞ்சி, பொழுது விடியும் முன்பே வேலையைத் தொடங்குகிறார்கள். அந்நேரத்தில் பேருந்து இல்லையென்றால், அவ்வழியில் 'தேவை இல்லை' என்றே புள்ளிவிவரம் காட்டும். வண்டி இல்லாததால் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் வண்டி இல்லை. இந்த வட்டத்தை வெறும் சீட்டுக் கணக்கால் உடைக்க முடியாது. உப்பளத்தில் போய்க் கேட்டால்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். கட்டணம் என்ற தடை எத்தனை பேரை வீட்டில் நிறுத்தியிருந்தது என்பதை அது வெளிப்படுத்தியது. ஆயினும் கட்டணம் ஒன்றே தடை அன்று. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர், மீன் நாற்றம் என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். தண்டனை கொடுத்தாயிற்று. கூடையை எங்கே வைப்பது என்ற பொறியியல் கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. அண்டை மாநிலத்தில், திருவனந்தபுரத்தில், அதே 2021-இல் மீனவப் பெண்களுக்கென்று 'சமுத்ரா' என்ற பேருந்துகள் விடப்பட்டன. மீன் கூடைகளை வைக்க அவற்றில் தனி இடம் உண்டு. திரேஸ்புரத்திலும் தருவைக்குளத்திலும் கரையேறும் மீனைத் தலைச்சுமையாக விற்கும் பெண்களுக்கு ஒருங்கிணைந்த சேவை என்றால், அதில் கூடையும் ஒரு பயணி.

விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வாகைக்குளத்தில் சுமார் 450 கோடி ரூபாயில் கட்டிய புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. செலவும் கொள்ளளவும் எல்லாச் செய்திகளிலும் வந்தன. நல்ல கட்டடம், ஊருக்குத் தேவையானதே. அங்கே துப்புரவு வேலைக்கோ காவல் வேலைக்கோ போகும் ஒருவர் அதிகாலையில் எந்தப் பேருந்தில் போவார் என்ற கேள்வி அந்தச் செய்திகளில் இடம்பெறவில்லை. சங்கிலியின் பளபளக்கும் கண்ணியை மட்டும் படம் எடுக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

கெட்ட நாளின் சோதனை

கடைசி அளவுகோல், கெட்ட நாள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயிலும் கடலுக்குப் பலியாயிற்று. அரை நூற்றாண்டு இணைப்பு ஒரே இரவில் அறுந்தது. அந்த இரவைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் பாதை அரிக்கப்பட்டு, சாலையும் மூழ்கி, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். அவர்களுக்குச் சோறு கொடுத்தவர்கள் சுற்றுப்புற ஊர் மக்கள்.

ஆண்டுக்கு 365 நாளில் 362 நாள் நன்றாக ஓடும் சேவைக்குச் சராசரிக் கணக்கு 99 மதிப்பெண் தரும். மீதி மூன்று நாளில்தான் உயிர் போகும். ரயில் நின்றால் பேருந்துக்குச் செய்தி போகுமா, சாலை மூழ்கினால் படகுக்காரர்களை யார் அழைப்பார்கள், நிலைய அதிகாரிக்கும் வட்டாட்சியருக்கும் இடையே நேர்த் தொடர்பு உண்டா—இவையும் ஒருங்கிணைப்பே. இதற்குச் செயலி உதவும். ஆனால் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் முதலில் விழும் நாளில் செயலியை மட்டும் நம்ப முடியாது.

நீங்களே அளந்து பாருங்கள்

'இதெல்லாம் அதிகாரிகள் வேலை' என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். உங்கள் தடத்துப் பேருந்து வந்த நேரங்களைக் குறியுங்கள். அடுத்தடுத்த இடைவெளிகளைக் கணக்கிடுங்கள். ஒவ்வோர் இடைவெளியையும் அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். அத்தொகையை, இடைவெளிகளின் மொத்தத்தைப்போல் இரு மடங்கால் வகுங்கள். வருவது உண்மையான சராசரிக் காத்திருப்பு. மேலே சொன்ன கணக்கில் 10, 50 என்ற இடைவெளிகளுக்கு 100 + 2500 = 2600; அதை 120-ஆல் வகுத்தால் சுமார் 22. பின்பு அட்டவணைப்படி வந்திருக்க வேண்டிய காத்திருப்போடு இதை ஒப்பிடுங்கள். பள்ளி மாணவர் நால்வர் ஒரு வாரம் இதைச் செய்தால், அந்தத் தடத்தைப்பற்றிப் பேரேட்டில் இல்லாத ஓர் உண்மை கைக்கு வரும்.

அத்துடன் நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: 'வண்டி இருந்தால் போயிருப்பேன் என்று நீங்கள் விட்டுவிட்ட இடம் எது?' விடைகளை எழுதி, கணக்கோடு சேர்த்துப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கும் நகராட்சிக்கும் அனுப்புங்கள்.

ஒரே சீட்டு வரட்டும், வரவேற்போம். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உப்பளத்துக்குப் போகிறவரும் மீன்கூடை சுமக்கிறவரும் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகு அதற்கு மதிப்பெண் போடுவோம்.